பூனைக்குக் கட்டிய புனல்

எலிகள் எல்லாம் கூடிப் பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஆலோசித்த கதையைப் பள்ளிப் பருவத்தில் கேளாதவர் எவரும் இரார். எலிகளால் அது முடியாமற் போனதில் எனக்கு இப்போது வியப்பே இல்லை. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுப் பூனையின் கழுத்தில் மணியைவிட மிகப் பெரியதொரு பொருளைக் கட்டிப் பன்னிரண்டு நாள் காத்த அனுபவம் எனக்கு உண்டு. கட்டியவர் கால்நடை மருத்துவர். காக்க வேண்டியவன் நான். கட்டியதை அவிழ்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நேயர்களிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பூனைக்குச் சிட்டு என்று பெயர். ஓர் ஐப்பசி மழையில் திண்ணைக்கு வந்து ஒண்டியது, பிறகு போகவில்லை. ஓராண்டில் இருமுறை குட்டி போட்டு மெலிந்துவிட்டது. இனிக் குட்டி போடாதிருக்க அறுவைச் சிகிச்சை செய்துவிடுவதே அதற்கு நல்லது என்று மருத்துவர் கூறினார். அப்படியே செய்தோம். வயிற்றில் ஐந்து தையல். தையலை நக்கிவிடாதபடி கழுத்தைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலின் குறுகிய வாயை வெட்டி எறிந்தாற்போன்ற ஒரு பிளாஸ்டிக் கவசத்தைக் கட்டி அனுப்பினார். இதற்கு மருத்துவ உலகில் எலிசபெத் காலர் என்று பெயர். 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் பிரபுக்களும் சீமாட்டிகளும் மெல்லிய துணியைக் கொசுவிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கழுத்தைச் சுற்றி அணிந்தார்களே, அந்த அலங்காரத்தின் சாயலால் வந்த பெயர். அவர்கள் விரும்பி அணிந்தார்கள். சிட்டுவை யாரும் கேட்கவில்லை.

அந்திப் பொழுதில் வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தோம். மயக்கம் தெளிந்த சிட்டு எழுந்து நின்றது. பின்பு பின்னோக்கி நடக்கத் தொடங்கியது. கூடத்தின் ஒரு கோடியிலிருந்து பின்னாலேயே நடந்து, பூஜை அறைக் கதவில் முட்டி, அங்கேயே உட்கார்ந்தது. எண்பத்திரண்டு வயதான என் தாயார் இதைப் பார்த்துவிட்டு, “வாயில்லா ஜீவனுக்கு இப்படி ஒரு தண்டனையா? நாளைக்கு உன் தலையில் ஒருவன் அண்டாவைக் கவிழ்த்தால் தெரியும் உனக்கு!” என்றார்.

பூனை ஏன் பின்னோக்கி நடக்கிறது? தலையை ஒரு பை மூடிக்கொண்டால் எந்தப் பிராணியும் பின்வாங்கித்தானே தலையை உருவிக்கொள்ளும்? சிட்டுவும் அதையே செய்தது. பையைப் போலக் காலர் கழன்று விழவில்லை. ஆதலால் நடை நிற்கவில்லை. இதனோடு மீசையையும் எண்ண வேண்டும். பூனையின் மூக்குக்கு இருபுறமும் வரிசை வரிசையாக நீண்டிருக்கும் அந்த மயிர்களின் வேரில் நரம்புகள் செறிந்திருக்கின்றன. ஒரு சந்தில் உடல் நுழையுமா நுழையாதா என்பதை இருட்டிலும் அவையே அதற்கு அறிவிக்கின்றன. காலருக்குள் அவை ஓயாமல் உராய்கின்றன. சுவர் எட்ட இருக்கும்போதே சுவர் இடித்துவிட்டதாகப் பூனைக்குத் தோன்றும் போலும். பக்கவாட்டுப் பார்வையும் மறைந்துவிடுகிறது. காலரின் விளிம்பு கதவில் உரசும் ஓசை காதுக்கு அருகிலேயே எழுகிறது.

இவற்றையெல்லாம் நான் அன்றே அறிந்திருந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சாப்பிடவில்லை என்பது ஒன்றுதான். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் தமக்கு உவமையாக்கிக் கொண்டார். எங்கள் சிட்டுவின் முன் இருந்ததோ ஒரு கிண்ணம் நெத்திலிச் சோறு. அதைக்கூட அதனால் எட்ட முடியவில்லை. குனிந்தால் காலரின் விளிம்பு தரையில் இடித்தது. கிண்ணம் விளிம்புக்கு வெளியே நின்றுவிட்டது. இரண்டு முறை முயன்றது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டது.

இரண்டாம் நாள் இரவு எனக்கு மனம் பொறுக்கவில்லை. எல்லோரும் உறங்கிய பிறகு, ஒரு மணி நேரம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு காலரை அவிழ்த்தேன். சிட்டு வயிறாரச் சாப்பிட்டது. என் காலில் முகத்தைத் தேய்த்தது. அருகிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தேன். காவல் காத்தவன் உறங்கிவிட்டான். விழித்தபோது மணி மூன்று. நக்கும் சப்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து தையல்களில் இரண்டைக் காணோம். புண்வாய் திறந்து சிவந்திருந்தது. விடியும்வரை அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். தையல் எங்கே போயிற்று என்று என் மனைவி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. மறுபடி மயக்க மருந்து கொடுத்துத் தைத்தார். “ஐயா, இரக்கப்பட்டு அவிழ்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்” என்று மட்டும் சொன்னார். பிறகு பூனையின் நாக்கைப் பற்றி எனக்கு விளக்கினார். அந்த நாக்கின் மேல் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. நம் நகம் எப்பொருளாலானதோ அப்பொருளாலானவை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இருவர் இவற்றை ஆராய்ந்து, ஒவ்வொரு முள்ளின் நுனியும் சிறு கரண்டி போலக் குழிந்திருப்பதாகவும், அக்குழி உமிழ்நீரை ஏந்திச் சென்று மயிரினடியில் தோல்வரை சேர்ப்பதாகவும் கண்டார்கள். பூனைக்குச் சீப்பும் குளியலும் அதுவே. உடற்சூட்டைத் தணிப்பதும் அதுவே. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைப் பூனை இந்த வேலையில் செலவிடுகிறது என்பார்கள். அதே முட்கள் தையலின் மேல் பட்டால் அரம்தான். காலரால் நாம் பூனையிடமிருந்து பறிப்பது இவ்வளவு பெரிய தொழிலை. அந்தத் தொழிலைப் பத்து நாளைக்கு வேறு யாரேனும் செய்தாக வேண்டும் அல்லவா?

முதலில் உணவு. கிண்ணத்தை நீக்கிவிட்டு, காலரின் வாயைவிடச் சிறிய தட்டையான தட்டு ஒன்றை மனைப்பலகையின் மேல் வைத்தோம். காலர் தட்டைக் கவிந்துகொண்டது. மூக்கு உணவில் பட்டது. இவ்வளவுதான் சூட்சுமம்! இதை அறியாமல் இரண்டு நாள் பட்டினி போட்டோமே என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பட்டினி பூனைக்குச் சிறிய விஷயமன்று. ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். சில நாள் தொடர்ந்தால் ஈரலில் கொழுப்பு மண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். கொழுத்த பூனைக்கு இந்த அபாயம் அதிகம்.

மணல் தொட்டியிலும் காலர் மண்வெட்டியைப் போல மணலை அள்ளியது. ஆகவே தாழ்ந்த விளிம்புள்ள அகன்ற பேசினில், மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைப் போட்டோம். புண்ணில் தூசியும் ஒட்டவில்லை. பரண்மேல் ஏறும் வழியை அடைத்தோம். நடைபாதையில் இருந்த குடத்தையும் முக்காலியையும் நீக்கினோம். பின்னாலிருந்து வந்து திடீரென்று தொடாமல், முன்னால் நின்று பெயர் சொல்லி அழைத்துவிட்டுத் தொடப் பழகினோம். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று காலையும் மாலையும் பார்த்தேன். இறுகினால் மூச்சு முட்டும். தளர்ந்தால் முன்னங்காலை உள்ளே நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். விளிம்பு மூக்கின் நுனியைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும் என்பதும் முக்கியம்.

இதற்கிடையில் என் பழைய நண்பர் ஒருவர் வந்தார். பூனை வலியால் வாடுகிறது, அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுங்கள் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டேன். அவர் பதறிப்போனார். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர வேறெதுவும் கூடாது. புண்ணின் மேல் பூசுவதற்கும் இதே விதிதான். நண்பருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினோம்.

இனி நாக்கின் தொழில். இதை ஏற்றுக்கொண்டவர் என் தாயார். பூனை குறுக்கே போனால் புறப்பட்ட பயணத்தையே நிறுத்திவிடுகிற பழக்கமுடையவர் அவர். சிட்டுவை அதுவரை தொட்டதே இல்லை. நான்காம் நாள் மாலை, பூனை தன் தோளை நக்க முயன்று காலரின் உட்புறத்தையே நக்கிக்கொண்டிருந்ததை நெடுநேரம் பார்த்தார். பிறகு தம்முடைய ஈருகோலியை எடுத்து வரச் சொன்னார். மடியில் ஒரு பழைய துணியை விரித்து, பூனையை வாங்கி, காதுக்குப் பின்னாலிருந்து மெல்ல வாரத் தொடங்கினார். முகவாயின் அடியில் காலர் உரசுமிடத்தை ஈரத்துணியால் துடைத்தார். தையல் பக்கம் கையே போகவில்லை. வாரப்பட்ட சிட்டு கண்ணை மூடிக்கொண்டு, சீப்பு ஓடும் தாளத்துக்கேற்பக் காற்றையே நக்கியது. தான் நக்குவதாகவே அதற்குத் தோன்றியது போலும். அன்றிரவுதான் அது முதன்முறையாகச் சுருண்டு படுத்து உறங்கியது. அதன்பின் நாள்தோறும் நாலு மணிக்கு அந்த வைபவம் தவறியதில்லை.

காலருக்குப் பதில் துணிச்சட்டை போடலாமே என்று என் மனைவிக்கு ஒரு யோசனை. வயிற்றுக் காயத்துக்கு அது சில பூனைகளிடம் பலிக்கும் என்று மருத்துவரும் அனுமதித்தார். என் பழைய பனியனின் கையைக் கத்தரித்து நான்கு துளையிட்டு மாட்டினோம். சிட்டு ஓர் அடி எடுத்துவைத்து, பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து, இறந்ததுபோல் கிடந்தது. கால் மணி நேரம் அசையவில்லை. கழற்றியதும் எழுந்து நடந்தது. பனியன் முயற்சியை அத்துடன் கைவிட்டோம். பஞ்சு திணித்த துணிக் காலர்களும் கடைகளில் கிடைக்கின்றன. எல்லாக் காயங்களுக்கும் அவை போதுமானவையல்ல.

இந்தத் துன்பம் எங்கள் சிட்டுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020ஆம் ஆண்டில் வெளியான சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், காலர் அணிந்த நாய், பூனைகளை வளர்த்த 434 பேரை விசாரித்ததில், நூற்றுக்கு 77 பேர் தங்கள் பிராணியின் வாழ்க்கை அந்நாட்களில் கெட்டது என்றே கூறியிருக்கிறார்கள். ஆகையால் காலர் தொல்லையே தராது என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆயின் அவிழ்த்துவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். அந்த மூன்று மணி எனக்கு மறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்துக் காலரைக் கழற்றினார் மருத்துவர். வீட்டுக்கு வந்த சிட்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, வாலின் நுனி முதல் நகம்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நக்கியது. எங்களில் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று நாள்வரை கதவுநிலையைக் கடக்கும்போது காலர் இருப்பதாகவே எண்ணி விலகி நடந்தது. காலரை அலம்பிச் சமையற்கட்டு ஆணியில் மாட்டியிருக்கிறோம்; அது காற்றில் ஆடிச் சப்தம் செய்தால் சிட்டு வெளியே போய்விடும். நாலு மணிக்கு மட்டும் தவறாமல் திரும்பி வந்து என் தாயாரின் முன் உட்கார்ந்து, ஈருகோலி இருக்கும் மாடத்தை அண்ணாந்து பார்க்கும்.