விடையை உள்ளே வைத்த வினா

(சவுத்தாலில் வார இறுதித் தமிழ் வகுப்புகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உயர்வகுப்பு மாணவருக்கு வரலாற்றுக் கட்டுரை வினாக்களை அமைப்பது எவ்வாறு என்று பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். என் தவறொன்றிலிருந்தே தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில், "யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பின் கொடுமையை விளக்குக" என்று ஒரு வினாவைக் கொடுத்தேன். வந்த கட்டுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தன. 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன, அது பெருங்கொடுமை, அவ்வளவே. ஒரு மாணவி மட்டும் என்னிடம் கேட்டாள்: "கொடுமை என்று நீங்களே எழுதிவிட்டீர்களே ஐயா, நான் கண்டுபிடிப்பதற்கு என்ன இருக்கிறது?"

அது கொடுமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அதை மட்டுமே அறிந்த பிள்ளையிடம், உடன் பயிலும் வேற்றினத் தோழன் "ஏன் அவ்வாறு நிகழ்ந்தது? உனக்கு எப்படித் தெரியும்?" என்று வினவினால், அவள் வாயடைத்து நிற்பாள். எமது துயரம் அவளிடம் உணர்ச்சியாக இருக்கும், அறிவாக இராது.

அடுத்த ஆண்டு வினாவை மாற்றினேன். "1956 முதல் 1983 வரை இலங்கையில் இன முரண்பாடு கூர்மையடைந்தமைக்கு மொழிக் கொள்கை எந்த அளவுக்குக் காரணம்?" இதற்கு விடை எழுத, தனிச் சிங்களச் சட்டத்தோடு நின்றுவிட முடியாது. 1957, 1965 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்டுக் கைவிடப்பட்ட உடன்பாடுகள், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்க வேண்டும். "எந்த அளவுக்கு" என்ற இரு சொற்களே அந்த வேலையைச் செய்தன.

நாம் கூடியிருக்கும் இந்தச் சவுத்தாலும் நல்ல வினாக்களின் ஊர். 1979 ஏப்ரல் 23 அன்று, தேசிய முன்னணி என்னும் இனவாதக் கட்சி இங்குள்ள நகர மண்டபத்தில் கூட்டம் நடத்தியபோது எழுந்த எதிர்ப்பில், பிளேர் பீச் என்ற 33 வயது ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். 1980இல் மரண விசாரணை, அது விபத்தான மரணம் என்று முடிவு கூறியது. காவல்துறை தானே நடத்திய விசாரணையின் அறிக்கையோ, காவலர் ஒருவரே அவரைத் தாக்கியிருக்கக் கூடும் எனக் கூறியிருந்தது. அது 2010இல்தான் வெளியிடப்பட்டது. இரு ஆவணங்களையும் மாணவர் முன்வைத்து, "இவை வேறுபடுவது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். அரச ஆவணம் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை அவர்கள் தாமே உணர்வார்கள்.

சான்றில்லாத வினாவைக் கொடுத்தல் ஆகாது. கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் இங்கிருந்து தொலைவில் இல்லை. குடியேற்றக்கால இலங்கையின் ஏடுகள் அங்கே உள்ளன. மலையகத் தமிழரின் வாக்குரிமை வழக்கு 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலில்தான் தோற்றது. "சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினரைக் காத்ததா?" என்ற வினாவுக்கு அத்தீர்ப்பே முதற் சான்று.

இங்கு ஏ லெவல் வரலாற்றில் 20 விழுக்காட்டுப் புள்ளிகள், மாணவர் தாமே ஆராய்ந்து எழுதும் கட்டுரைக்கு உரியவை. எம் பிள்ளைகள் எம் வரலாற்றைத் தம் பள்ளிக்குள் கொண்டுசெல்லத் திறந்திருக்கும் கதவு அது. நன்கமைந்த வினாவும் போதிய சான்றுகளும் இருந்தால், ஆசிரியரின் இசைவைப் பெறுவது எளிதாகும்.

பெற்றோர்களே, 1983ஐக் கண்ணால் கண்டோர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். நாளும் இடமும் குறித்து எழுதட்டும். பிற சான்றுகளோடு ஒப்பிடட்டும். அவ்வாறு ஒப்பிடுகையில் நமக்கு உவப்பில்லாத உண்மையும் வெளிவரலாம். அதற்கு அஞ்சி வினாவைச் சுருக்கிவிடாதீர்கள். ஆராய்ந்து அறிந்த பிள்ளையின் சொல்லையே உலகம் செவிமடுக்கும்.