ஒரே வயிற்றில் இரண்டு மருந்து



இன்றைய பேச்சு மருந்தைப் பற்றியது. ஒரு மருந்தைப் பற்றி அல்ல. இரண்டு மருந்துகளைப் பற்றி. ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. மற்றொன்று, வீட்டில் அரைக்கும் மூலிகை. அல்லது கடையில் வாங்கும் சூரணம், லேகியம். இரண்டையும் ஒருவரே சாப்பிட்டால் என்ன ஆகும்?

பம்பாயில் நடந்தது

1992ஆம் ஆண்டு. மும்பைக்கு அப்போது பம்பாய் என்று பெயர். அங்கே இருந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்.

இருவருக்கும் வலிப்பு நோய். இருவரும் ஃபெனிட்டாயின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தார்கள். அது வலிப்பை அடக்கும் மாத்திரை. ஆனால் எதிர்பாராமல் மறுபடியும் வலிப்பு வந்தது.

ஏன்? டாக்டர்கள் விசாரித்தார்கள். இருவரும் சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத மருந்தையும் சாப்பிட்டது தெரிந்தது. சங்கபுஷ்பி வட இந்தியாவில் மிகவும் பழக்கமான மூலிகை. ஞாபக சக்திக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். வலிப்புக்கும் கொடுப்பதுண்டு.

ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பல வேளை சேர்த்துக் கொடுத்ததும், எலியின் இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு குறைந்தது. மாத்திரை உள்ளே போகிறது. ஆனால் வேலை செய்யப் போதுமான அளவு இரத்தத்தில் இல்லை.

வலிப்பு எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? அடுப்படியில் வரலாம். கிணற்றடியில் வரலாம். சைக்கிளில் போகும்போது வரலாம். உயிருக்கே ஆபத்து.

இதில் யார் மேல் தப்பு? மாத்திரை கெட்டதா? இல்லை. மூலிகை கெட்டதா? இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் வம்பு.

பச்சிலைதானே, என்ன செய்யும்?

பலர் இப்படிக் கேட்பார்கள். மூலிகையால் நன்மை வராவிட்டாலும் கெடுதல் வராது என்பார்கள். இது சரியல்ல.

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து எங்கிருந்து வந்தது? சிங்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. சர்ப்பகந்தா என்று ஒரு செடி உண்டு. அதன் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். பம்பாயில் ருஸ்தம் ஜல் வக்கீல் என்ற இருதய டாக்டர் இருந்தார். அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949இல் அவர் எழுதினார். உலகமே அதைப் படித்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள்.

மூலிகைக்குச் சக்தி உண்டு. அதனால்தான் அது நோயைத் தீர்க்கிறது. அதே காரணத்தால்தான் இன்னொரு மருந்தோடு அது மோதவும் செய்கிறது.

மோதல் மூன்று விதம்

முதல் விதம்: இரண்டும் ஒரே வேலையைச் செய்வது.

ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பாகற்காய்ச் சாறும் குடிக்கிறார். வெந்தயப் பொடியும் சாப்பிடுகிறார். மூன்றுமே இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. அன்று களை எடுக்க அவசரமாகப் போனார். சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் ஏறியது. வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் இருட்டியது. இது சர்க்கரை அளவுக்கு மேல் குறைந்துவிட்டதன் அடையாளம். நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

பாகற்காய் கறியும் சர்க்கரை மாத்திரையும் சேர்வதைப் பற்றி 1979இலேயே லான்செட் என்ற இங்கிலாந்து மருத்துவ இதழில் செய்தி வந்தது.

இரத்தம் உறையாமல் இருக்கச் சிலருக்கு வார்ஃபரின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அவர்கள் பூண்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தக் கசிவு வரலாம்.

இரண்டாம் விதம்: ஒன்று செய்வதை மற்றொன்று கெடுப்பது.

அதிமதுரம் இருமலுக்கு நல்லது. ஆனால் அதை நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால், உடம்பில் உப்பும் நீரும் தங்கும். இரத்த அழுத்தம் ஏறும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் கதி என்ன? மாத்திரை கீழே இழுக்கும். அதிமதுரம் மேலே இழுக்கும். அதோடு பொட்டாசியம் என்ற சத்தும் உடம்பை விட்டுப் போகும். சிறுநீர் போக மாத்திரை சாப்பிடுபவருக்கும், இருதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுபவருக்கும் இது பெரிய ஆபத்து. இருதயத் துடிப்பே தடுமாறும்.

மூன்றாம் விதம்: இரத்தத்தில் மாத்திரையின் அளவை மாற்றுவது.

கல்லீரல் ஒரு பட்டறை மாதிரி. பல மாத்திரைகளை அதுதான் உடைத்து வெளியேற்றுகிறது. சில மூலிகைகள் அந்தப் பட்டறையை வேகமாக ஓட்டும். அப்போது மாத்திரை சீக்கிரம் தீர்ந்து போகும். சில மூலிகைகள் பட்டறையை மெதுவாக்கும். அப்போது மாத்திரை இரத்தத்தில் கூடிவிடும். குறைந்தால் நோய் அடங்காது. கூடினால் விஷமாகும்.

இதைத் தெரிந்து நல்லதற்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. மிளகில் பைப்பரின் என்ற பொருள் இருக்கிறது. டி.பி. நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தின் அளவை அது இரத்தத்தில் கூட்டுகிறது. ஜம்முவில் உள்ள அரசு ஆராய்ச்சிக்கூடத்தின் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். 2009இல் ஒரு புது மாத்திரை வந்தது. அதில் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தார்கள். அதனால் ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராம் போதும் என்று ஆனது. வழக்கமான அளவு 450 மில்லிகிராம். பார்த்தீர்களா? மிளகுக்கு அவ்வளவு பலம்! ஆனால் விஞ்ஞானிகள் அளந்து சேர்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவில்லை.

அப்படியானால் ரசம் வைக்கக் கூடாதா?

தாராளமாக வைக்கலாம். சமையலில் போடும் மிளகு, பூண்டு, மஞ்சள், வெந்தயம் கொஞ்சம்தான். அதற்குப் பயப்பட வேண்டாம். அதையே பொடியாக, சாறாக, மாத்திரையாக, அளவுக்கு மேல் தினமும் சாப்பிடும்போதுதான் கவனம் வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாக வரும். டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

ஏன் சொல்வதில்லை?

நோயாளி டாக்டரிடம் நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்வதில்லை. திட்டுவாரோ என்று பயம். வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்வதில்லை. கோபிப்பாரோ என்று கூச்சம். கூட்டமான ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் கேட்க நேரம் இருப்பதில்லை. அவருக்கு ஒரு மருந்து தெரியும். இவருக்கு ஒரு மருந்து தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் யார்? நோயாளிதான். அவர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் அதில் எழுதுங்கள். மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதலாம். லேகியம், கஷாயம், பொடி, எண்ணெய் எதையும் விட வேண்டாம். எவ்வளவு, எந்த வேளை என்றும் எழுதுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடியை வாங்காதீர்கள். சில பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலந்திருந்தது சோதனையில் தெரிந்திருக்கிறது.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிப்பவர்கள், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துச் சாப்பிட்டால் மாத்திரை சரியாக இரத்தத்தில் சேராது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், மூலிகை மருந்துகளை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் யாரையும் கேட்காமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

மருந்தால் கெடுதல் வந்தால் தெரிவிக்க இந்திய அரசின் இலவசத் தொலைபேசி இருக்கிறது. எண் 1800 180 3024. மூலிகை மருந்தைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யலாம்.

தாய்மார்களே! பெரியோர்களே! மாத்திரை அட்டையில் இருப்பதை ஒரு காலத்தில் வேறொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று உங்களுக்கே எழுத்துத் தெரியும். அந்த எழுத்தை உங்கள் உடம்புக்கு உதவச் செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறங்கள். முதல் பெயரை எழுதுங்கள்.