தும்மல் காலமும் தேர்வுக் காலமும்

(தில்லியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆசிரியப் பணியில் உள்ளவர்கள் இன்று நிறையப் பேர் வந்திருப்பதால், அவர்களுக்கு உபயோகமான ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

மாசி பிறந்தால் தில்லியில் பலருக்கு அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. ஜலதோஷம் என்று கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். ஜலதோஷம் பத்து நாளில் போய்விடும். இதுவோ ஏப்ரல் வரை நீடிக்கும். காய்ச்சல் இராது, அரிப்பு இருக்கும். மறு வருஷமும் அதே மாதத்தில் வரும். இதுதான் பருவகால ஒவ்வாமை, அதாவது அலர்ஜி.

லண்டன் வைத்தியர் ஜான் பாஸ்டாக், தமக்கே இருந்த இந்த உபாதையை 1819-ல் விவரித்தார். காரணம் மகரந்தம் என்று 1873-ல் நிரூபித்த சார்லஸ் பிளாக்லியும் இதனால் அவதிப்பட்டவரே. கண்ணைக் கவரும் பூக்கள் பெரும்பாலும் நிரபராதிகள். அவற்றின் மகரந்தத்தைப் பூச்சிகள் சுமக்கின்றன. காற்றில் மகரந்தத்தைத் தூவும் தாவரங்களே தொல்லை தருபவை. தில்லியில் பேப்பர் மல்பெரி அவற்றில் ஒன்று. பெங்களூரு, புணே அன்பர்களுக்குப் பார்த்தீனியம் பரிச்சயமானதே.

சங்கடம் என்னவென்றால், மகரந்தம் உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வுகளும் நடக்கின்றன. ஆசிரியர் மிகவும் தேவைப்படும் நேரம் அது. முப்பது வருஷம் பள்ளியில் கணிதம் போதித்த என் மனைவி, மார்ச் மாதம் முழுவதும் கைக்குட்டையுடன் விடைத்தாள் திருத்துவாள். லீவு கேட்டால், "தும்மலுக்கா லீவு?" என்பார்கள். தும்மலை விட, மாத்திரை தந்த தூக்கமே அவளை அதிகம் வாட்டியது.

ஆகவே மருந்து விஷயத்தில் கவனம் தேவை. குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கம் தரும். ஃபெக்சோஃபெனடின், லோராடடின் போன்றவை பொதுவாக அப்படிச் செய்வதில்லை. டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாட்கள் ஆகும். எனவே சீசனுக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு அதிகமாகும். மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

வகுப்பறையில் சாக்பீஸ் தூள் ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் உறுத்தும். பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். மூக்கடைத்து வாயால் சுவாசித்தால் தொண்டை வறண்டு குரல் கெடும். வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். முகக்கவசத்தைப் போகும் வரும் வழியில் அணியுங்கள். 2020-க்குப் பிறகு அதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

வெளியே போய் வந்ததும் கை கால் அலம்பி, உடை மாற்றும் நம் வீட்டு வழக்கம் இதற்கு மிகப் பொருத்தம். தலைமுடியிலும் துணியிலும் ஒட்டிய மகரந்தம் படுக்கைக்கு வராது. அந்த இரண்டு மாதம் துணிகளை மொட்டை மாடியில் உலர்த்த வேண்டாம். ஜலநேதி செய்பவர்கள் கொதிக்க வைத்து ஆறிய ஜலத்தையே உபயோகிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. தேர்வு எழுதும் குழந்தைகளுக்கும் இதே மூக்குதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அவன் என்ன மாத்திரை சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோரிடமும் சொல்லுங்கள். ஆசிரியர் சொன்னால் வீட்டில் கேட்பார்கள்.