காப்புரிமை கற்ற சட்டப் பேராசிரியர்



காப்பு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நூலின் முகப்பிலும் காப்பு உண்டு. குழந்தையின் கையிலும் காப்பு உண்டு. புதிது கண்டானுக்கு அரசு நல்கும் காப்பே காப்புரிமை. அஃது 20 ஆண்டு நிற்கும். அதுகாறும் அவன் இசைவின்றிப் பிறர் அப்பொருளைச் செய்து விற்றல் ஆகாது. அப்பொருள் மருந்தாயின், நோயாளிக்குக் காப்பு யாது? இவ்வினாவை ஆராய்ந்த ஷம்நாத் பஷீர் என்னும் சட்ட அறிஞரைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

கேரளத்தவராகிய இவர் 1976இல் பிறந்தார். பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபின், தாயகம் திரும்பிக் கல்கத்தாவில் சட்டப் பேராசிரியராயினார்.

நம் நாட்டு 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே காப்பளித்தது. 2005இல் மருந்துப் பொருளுக்கும் அக்காப்பு வந்தது. ஆயினும், முன்னறிந்த பொருளின் புதிய வடிவம் மிக்க பயன் தந்தாலன்றி உரிமை இல்லை என ஒரு விதியும் உடன் வைக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய்க்குரிய 'கிளிவெக்' மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் உரிமை வேண்டியது. சென்னை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஆங்கு இவர் எத்திறத்தார்க்கும் வழக்கறிஞராகாது, ஆசிரியராகவே நின்று அவ்விதியின் பொருளை ஆராய்ந்துரைத்தார். மருந்தின் பயனாவது நோய் தீர்க்கும் பயனே என்று 1-4-2013இல் தீர்ப்பாயிற்று, உரிமை மறுக்கப்பட்டது.

சட்டக் கல்லூரிகளில் ஆங்கிலப் பயிற்சியும் செல்வமும் உடைய வீட்டுப் பிள்ளைகளே மிகுந்திருத்தலைக் கண்டு இவர் வருந்தினார். 2010இல் 'ஐடியா' என்னும் அமைப்பை நிறுவி, வறிய மாணவரைத் தேர்ந்து நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றுவித்தார். 2014இல் இன்போசிஸ் பரிசு பெற்றார். 2019இல், 43ஆம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே! பிள்ளை தேர்ச்சி பெற்றவுடன் மருத்துவமும் பொறியியலுமே நம் வீடுகளில் பேச்சாகின்றன. சட்டம் பயில விரும்பும் ஏழைச் சிறார், 'அது நமக்கு எட்டுமோ' என அஞ்சி வாய் திறவாதிருத்தலை யாம் வகுப்பிற் பன்முறை கண்டுள்ளோம். நம் சங்க உபகாரச் சம்பளங்களுள் ஒன்று ஆண்டுதோறும் சட்டம் பயிலும் ஒருவர்க்கு உரியதாகுக. அவர் பெண்ணாயின் இன்னும் மகிழ்வோம். அங்ஙனம் கற்றவர் பிறிதோர் எளியவர்க்குக் காப்பாவாராக.