நோவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "உங்க வேலையைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். என் வேலை பம்பு, மோட்டார், கம்ப்ரஸர் பராமரிப்பு. அதைக் கேட்க இங்கே பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆகவே, அந்த வேலையில் கற்ற ஒரு விஷயம் வீட்டில் படுத்திருந்த நோயாளிக்கு எப்படிப் பயன்பட்டது என்று சொல்லலாமென நினைக்கிறேன். நான் டாக்டர் அல்ல. இதில் வரும் மருத்துவம் முழுக்க டாக்டர்களும், வீட்டுக்கு வந்த நர்ஸம்மாவும் சொல்லிக் கொடுத்தது. கணக்கு மட்டும்தான் என்னுடையது.

என் சொந்த ஊர் தோணிரேவு. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது. 'ரேவு' என்றால் தெலுங்கில் படகுத்துறை. ஊர்ப் பெயரிலேயே பாதி தமிழ், பாதி தெலுங்கு! எங்கள் ஏரியில் வலை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரில் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். வருஷக் கணக்கில் இப்படி வேலை செய்தால் கழுத்து, இடுப்பு, முட்டி எது மிஞ்சும்? எங்கள் பக்கத்தில் வலியை யாரும் நோயாக நினைப்பதில்லை. அது தொழிலோடு வருவது. அதனால் டாக்டரிடம் போனாலும் காய்ச்சலைச் சொல்வார்கள், இருமலைச் சொல்வார்கள், வலியைச் சொல்ல மாட்டார்கள். "பொறுத்துக்கோ" என்பதுதான் முதல் மருந்து. இரண்டாவது மருந்து பொட்டலம்.

பொட்டலம் என்பது பல ஊர்களில் உண்டு. "மேல் நோவு" என்று கேட்டால் மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பெயர் தெரியாது. டைக்ளோஃபினாக் போன்ற ஒன்று இருக்கும்; சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். சாப்பிட்டதும் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் படகில் இருந்துவிட்டு வந்தவரின் உடம்பில் நீர் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியை இந்த மாத்திரை இன்னும் சுருக்கிவிடும். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து அதிகம். வயிற்றுப்புண் வேறு. சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் பாதுகாப்பானதுதான். அதற்கும் அளவு உண்டு. சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் வாங்கினால் மூன்றுக்குள்ளும் அதே பாரசிட்டமால் இருக்கக்கூடும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நாம் படித்த படிப்புக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

இனி என் அத்தையின் கதைக்கு வருகிறேன். அத்தைக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி நான்கு வருஷம் நன்றாக இருந்தார். பிறகு அது முதுகெலும்புக்கு வந்துவிட்டது. குணப்படுத்த இனி வழியில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். வீட்டுக்கு அழைத்து வந்தோம். முதல் வாரம் வீட்டில் யாரும் தூங்கவில்லை. நோவு தாங்க முடியாமல் போகும்போது மாத்திரை கொடுப்போம். அது வேலை செய்ய முக்கால் மணி நேரம். அதற்குள் அத்தை துடித்துப் போவார். நோவு விட்டதும், "இனி வாணாம், மாத்திரை சூடு" என்பார். மறுபடி ஏறும்.

எங்கள் தொழிலில் இதற்கு 'பிரேக்டவுன் மெயின்டனன்ஸ்' என்று பெயர். மோட்டார் எரிந்த பிறகு ஓடுவது. எண்ணெய் போட வேண்டிய நாளில் எண்ணெய் போட்டால் எரியாது என்பது கடைநிலை ஊழியருக்கும் தெரியும். வலிக்கும் இதுவேதான் விதி என்பதை நர்ஸம்மா சொல்லித்தான் அறிந்தேன். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் வலியுறுத்தினார்: வலி வந்தபின் மருந்து கொடுக்காதே, வருமுன் கொடு. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் அதையே விதியாக்கியது. முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக. முதல் படியில் பாரசிட்டமால் போன்றவை. கடும் வலிக்கு மேல்படியில் மார்ஃபின்.

கடிகாரம் வீட்டில் இருக்கிறது. வலியை எப்படி அளப்பது? நர்ஸம்மா, "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவும்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"பத்துன்னா எந்தப் பத்தும்மா? எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு ரூபாய்க்கு எவ்ளோன்னு கேளு, சொல்றேன்."

"சரி, ரூபாய்க்கு எவ்வளவு?"

"இப்ப பன்னெண்டணா. ராவுல முழு ரூபா."

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். நேரம், எத்தனை அணா, என்ன மாத்திரை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், வெளிக்குப் போனாரா என்று ஐந்து கட்டம். நான் இல்லாதபோது அத்தை மகள் எழுதினாள். "நோவுக்குக் கூட கணக்கு நோட்டு போடுறியாடா நீ?" என்று அத்தைக்கு ஒரே சிரிப்பு. நான்கே நாளில் நோட்டு பேசியது. விடியற்காலை இரண்டரை, மூன்று மணிக்குத் தவறாமல் பதினாறணா. காரணம், இரவு மாத்திரையின் வேகம் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று, குளிப்பாட்டும்போது பன்னிரண்டணா. டாக்டர் நோட்டைப் பார்த்து இரவு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். குளிப்பாட்டுவதற்கு அரை மணிக்கு முன் கொடுக்கத் தனியாக ஒன்று எழுதினார். அடுத்த வாரம் முழுக்க நாலணாவைத் தாண்டவில்லை. "அது கெடக்கட்டும்டா. அதுவும் இல்லன்னா நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியாது" என்றார் அத்தை. வாசலில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரியோடு பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்!

மார்ஃபின் என்றதும் சொந்தக்காரர்கள் பயந்தார்கள். "போதை ஊசியா? அது கடைசியில கொடுக்கிறதாச்சே!" என்றார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடத்தலைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது. அதன் உரிமங்களுக்கும் தண்டனைகளுக்கும் பயந்து மருத்துவமனைகளே மார்ஃபின் வைத்திருப்பதை விட்டுவிட்டன. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் வாயால் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் வரும், குமட்டும், பிறகு சரியாகும். மலச்சிக்கல் மட்டும் சரியாகாது. முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தும் சேர்ந்தே போக வேண்டும். நோட்டில் ஐந்தாவது கட்டம் அதற்குத்தான். திடீரென்று நிறுத்தக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். முதுகெலும்பில் புற்று உள்ளவருக்குக் கால் திடீரெனத் தளர்ந்தாலோ, சிறுநீர் நின்றாலோ மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நர்ஸம்மா எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது தெரிந்திருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்ஸும், உடற்பயிற்சி சொல்லித்தர பிசியோதெரபிஸ்டும் அதிலேயே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி ஓர் இன்ஜினியராகச் சொல்லாமல் விட முடியாது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது; முதலாண்டிலேயே படித்தோம். படுத்திருப்பவரின் பாரம் இடுப்பெலும்பு, குதிகால் என்று உள்ளங்கை அளவு இடத்தில் இறங்குகிறது. தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த அழுத்தத்தில் மூடிக்கொள்கின்றன. சில மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் சதை செத்துவிடும். ஆகவே இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். மடித்த பழைய வேட்டியை முதுகுக்கடியில் போட்டு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்தால் சுலபம். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குத் தலையணை. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், காற்று ட்யூப் வளையம் வைக்காதீர்கள். அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தை நிறுத்திவிடும். ஏர் பெட் நல்லதுதான். ஆனால் புயலில் கரண்ட் போனால் அது வெறும் ரப்பர் துணி, மறுபடி நம் கைதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், சாப்பாட்டு மணி அடித்துவிடுவார்கள். இன்சுலினை மீன் ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். உறைந்தால் வீண். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், நனையாத டப்பாவில் வையுங்கள். திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் அரை மணிக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி இறங்கும். நல்ல கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி. சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர் காலில் காயத்தோடு ஏரியில் இறங்கக் கூடாது. உப்புநீரில் வாழும் ஒரு கிருமி ஒரே நாளில் காலையும் உயிரையும் கொண்டுபோய்விடும். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டி கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகவே அதில் பாதி போய்விடும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு ஒரு சின்ன அறையில் வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார்கள். பிறகு அது ஊர் ஊராகப் பரவியதற்கு டாக்டர்கள் மட்டும் காரணமல்ல. வாரத்தில் ஓரிரண்டு மணி நேரம் ஒதுக்கிய ஆசிரியர்கள், ஆட்டோக்காரர்கள், கல்லூரி மாணவர்கள்தான் பெரும்பலம். நோட்டுப் போடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மதியம் தூங்க அவகாசம் கொடுப்பது எல்லாம் யாரும் செய்யக்கூடியவை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால், பயிற்சிக்கு ஆளைக் கூட்டிவருவது என் பொறுப்பு. முதல்வர் அவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அத்தை அதற்கப்புறம் பதினோரு வாரம் இருந்தார். நோட்டில் முப்பத்தேழாம் பக்கம் வரை எழுத்து இருக்கிறது. மீதி மாத்திரைகளை எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்தோம். ஏர் பெட் இப்போது நான்கு வீடு தள்ளி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பெரியவருக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.