இராசராசப் பெரும்பள்ளி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கரடியனாற்றுப் பகுதியில் குசலானமலை என்றொரு குன்று உண்டு. அதன் பாறைகளில் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பெற்றுள்ளன. முருகன் ஆலயமும் அங்கே உள்ளது. இத்தகைய பழைய இடங்களைக் காண்போர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, 'இது யாருடையது?' என்பதாகும். அண்மைக் காலத்தில் அவ்வினா அயலவரிடையே மனக்கசப்பையும் விளைத்திருக்கின்றது. அதற்கு விடை பகரவல்ல இடிபாடொன்று அதே கீழைக்கரையில், திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தின் அருகே இருக்கின்றது.

அதன் பெயர் வெல்கம் விகாரை. தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என வழங்கினர். தொல்பொருட் டிணைக்களத்தார் 1953இல் அங்கு அகழ்வாய்வு நடத்தினர். செங்கற் சுவர்களும், கல்லாலான அடித்தளமும், நின்ற கோலத்துப் புத்தர் திருவுருவமும் இன்றும் அங்குக் காணத்தக்கவை. அவற்றினும் வியப்பளிப்பன அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளே. அவை அவ்விடத்தை 'இராசராசப் பெரும்பள்ளி' எனப் பெயரிட்டுக் கூறுகின்றன.

இராசராசனோ சிவபெருமானுக்குத் தஞ்சையில் பெருங்கோயில் எடுத்த மன்னன். ஈழம் புகுந்த சோழர் படை, விகாரைகளைச் சூறையாடியதாகச் சூளவம்சம் உரைக்கின்றது. அதனை மறைத்தல் முறையன்று. ஆயினும் அதே சோழராட்சியில், முன்னரே இருந்த ஒரு பௌத்தப் பள்ளி மன்னன் பெயரைத் தாங்கி வாழ்ந்ததென்பதும் கல்லில் எழுதிய உண்மையே.

அப்பள்ளிக்குத் தமிழ் மக்கள் பசுக்களையும் விளக்குகளையும் வழங்கினர். நந்தா விளக்கிற்குப் பசு அளித்தல் அக்கால வழக்கம். பசுவின் பாலிலிருந்து நெய் பெறப்படும். நெய்யால் விளக்கு எரியும். மந்தை பெருகப் பெருக, கொடையாளி மறைந்த பின்னரும் ஒளி அவியாது. சிவன் கோயிலுக்குச் செய்த அதே அறத்தைப் புத்தர் திருமுன்னும் தமிழர் செய்தனர்.

இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கும் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அந்நகரில் பௌத்தத்தின் எச்சமாக எஞ்சி நின்ற செங்கற் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டு மறைந்தது. வெல்கத்தின் கற்களோ இன்னும் நிற்கின்றன.

தமிழர் என்றால் சைவர், பௌத்தர் என்றால் சிங்களவர் என்னும் கணக்கு அக்கற்களின் முன் பொய்த்துப் போகின்றது. ஆதலின், 'யாருடையது?' என்னும் வினாவுக்கு முன்னே, 'இங்கே விளக்கேற்றியவர் யாவர்?' என்று கேட்டல் நலம். அதற்குரிய விடையைப் படித்தறியும் வரை அக்கற்களைக் காத்தல், எம்மொழியினராயினும் எச்சமயத்தவராயினும், அயலில் வாழ்வோர் அனைவர்க்கும் பொதுவான கடமையாகும்.