அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவப் படிப்பு: விண்ணப்பமும் நேர்காணலும்

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் ஊர்க் குடும்பங்கள் பல இன்று அமெரிக்காவில் குடியிருக்கின்றன. அங்கே வளரும் பேரப்பிள்ளைகள், "டி.ஓ. கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று சொன்னதும் இங்கிருக்கும் நன்னாவுக்கும் நன்னிக்கும் கலக்கம் வந்துவிடுகிறது. "எலும்பு தேய்த்துவிடும் வைத்தியமா? எம்.பி.பி.எஸ். மாதிரி இல்லையா?" என்று எங்களிடம் வந்து கேட்கிறார்கள். முதலில் இந்தக் கலக்கத்தைத் தீர்த்துவிடுகிறோம்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892-ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். இன்று அங்கே டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020 முதல் எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் மேற்பயிற்சி ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துவிட்டது. வேறு பல நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கையால் சிகிச்சை செய்பவர் மட்டுமே; அந்தப் படிப்பு வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏஜெண்டுகளிடம் ஏமாறாதீர்கள்.

பிளஸ் டூ முடித்ததும் சேரும் படிப்பல்ல இது. பட்டப்படிப்பு முடித்து, எம்கேட் தேர்வு எழுதி, பிறகுதான் நான்காண்டு மருத்துவம். பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்கும் ஆக்கோமாஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம் போதும். டெக்ஸாஸின் அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும் தனி வழி. விண்ணப்பம் மே மாதத்தில் திறக்கும். வருகிற வரிசையில் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். ஜூன், ஜூலையில் அனுப்பிய பிள்ளைக்கும் டிசம்பரில் அனுப்பிய பிள்ளைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. கடைசித் தேதி வரை காத்திருப்பது நம் சமுதாயத்தின் பழைய பழக்கம். இங்கே அது ஒரு வருடத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்று. தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதினால் பழைய மதிப்பெண் மறைந்துவிடும் என்று மூத்த மாணவர்கள் சொல்வார்கள். அந்த விதி 2017-லேயே போய்விட்டது. இப்போது எல்லா முயற்சிகளும் கணக்கில் சேரும்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று மருத்துவரிடமிருந்து, அதிலும் டி.ஓ. மருத்துவரிடமிருந்து இருந்தால் நல்லது. சில கல்லூரிகள் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. அதற்காக உறவினரான டாக்டர் மாமாவிடம் எழுதி வாங்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒரு டி.ஓ. மருத்துவரின் கிளினிக்கில் சில வாரங்களாவது உடன் இருந்து பார்த்த பிறகு கேட்பதே முறை.

சுயவிவரக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள்தான் இடம், இடைவெளியும் சேர்த்து. "சிறு வயதிலிருந்தே டாக்டர் ஆக ஆசை" என்பதை ஆயிரம் பேர் எழுதுவார்கள். பள்ளிவாசல் மருத்துவ முகாமில் நின்றிருந்தால், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாய், மாத்திரையை நிறுத்திவிட்ட பெரியவரிடம் என்ன பேசினாய், அதில் என்ன புரிந்தது என்று எழுது. செய்யாததை எழுதாதே. நேர்காணலில் அதையேதான் தோண்டிக் கேட்பார்கள்.

நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி, "ஏன் டி.ஓ.?" "எம்.டி. கிடைக்கவில்லையென்றால்" என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தாலே போதும், கதை முடிந்தது. "முழு மனிதரையும் பார்ப்பது" என்ற மனப்பாட வரியும் உதவாது. கிளினிக்கில் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். சில கல்லூரிகளில் அறைக்கு அறை சென்று சிறுசிறு சூழல்களுக்குப் பதில் சொல்லும் முறை உண்டு. நோயாளி சிகிச்சையை மறுத்தால் என்ன செய்வாய் என்பது போல. அங்கே முடிவைவிட நீ யோசிக்கும் விதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஹிஜாபுடனும் தாடியுடனும் தாராளமாகப் போகலாம். கை குலுக்கத் தயக்கம் இருந்தால் நெஞ்சில் கை வைத்துப் புன்னகையுடன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நம் பெண்பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டி.ஓ. படிப்பில் கையால் செய்யும் சிகிச்சைக்குச் சுமார் 200 மணி நேரப் பயிற்சி இருக்கிறது. மாணவர்கள் ஒருவர் மீது ஒருவர் பழகுவார்கள். முதுகும் தோளும் தெரியும்படி குறைந்த ஆடை வழக்கம். ஆண்பிள்ளைகளுக்கும் இது மார்க்க விஷயம்தான், மறந்துவிடாதீர்கள். பெண்ணுக்குப் பெண்ணே ஜோடியாகக் கிடைக்குமா, திரை மறைவு உண்டா, தலைத்துணி பற்றி விதி என்ன என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் எழுத்தில் கேளுங்கள். இடம் கிடைத்த பின், முன்பணம் கட்டும் முன் கேட்பது சரியான நேரம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது பணம். பல கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். அமெரிக்க அரசின் கல்விக் கடன் வட்டிக் கடன்தான். அதுவும் 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். மீதிக்குத் தனியார் வங்கிதான் வழி. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளைக்குப் பொதுவாக அரசுக் கடன் கிடையாது. பல கல்லூரிகள் அவர்களைச் சேர்ப்பதும் இல்லை. வட்டி விஷயத்தில் ஃபத்வா சொல்வது எங்கள் வேலையல்ல. ஆலிம்களிடம் குடும்பமாகப் போய்க் கேளுங்கள். ஆனால் இடம் கிடைத்த பிறகு அழுதுகொண்டே கேட்காமல், விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள். குடிமக்களாக இருந்தால், மருத்துவர் குறைந்த பகுதியில் வேலை செய்வதாக ஒப்புக்கொள்வோருக்குக் கட்டணத்தையே செலுத்தும் தேசிய சுகாதாரச் சேவைப் படையின் உதவித்தொகை இருக்கிறது. டி.ஓ. மாணவரும் அதற்குத் தகுதியானவரே.

எங்கள் அறக்கட்டளையின் நிதி இந்தச் செலவைத் தாங்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஜகாத் பணத்துக்கு நம் ஊரிலேயே உரியவர்கள் காத்திருக்கிறார்கள். கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்வதும், இணையவழியில் மாதிரி நேர்காணல் நடத்துவதும் எங்களால் முடியும். இவ்வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெயரை இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். கட்டுரையின் முதல் வரைவு கையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.